உயிலங்குளத்துக் காளான்களும் அவற்றுள் உறையும் உலோகங்களும்



மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் பெருவீதியில், தீவையும் உவர்நிலத்தையும் கடந்து பெருநிலத்துள் புகுந்த சிறிது தூரத்தில் அமைந்துள்ளது உயிலங்குளம். அதற்கு அப்பால் முருங்கனும், வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக் குளமும் உள்ளன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கொளுத்தும் வெயிலில் வெடித்துக் கிடக்கும் அந்நிலம், ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் சில நாள்களுக்குள்ளேயே தன் கோலத்தை மாற்றிக்கொள்ளும். புல் தலைகாட்டுமுன்னரே மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவருவன காளான்கள். விடியற்காலையில் பெண்களும் சிறுவர்களும் பெட்டியோடு புறப்பட்டுப் புற்றடிகளையும் வேலியோரங்களையும் தேடிச் செல்வது வன்னியிலும் மன்னாரிலும் பழைய வழக்கம். பணம் கொடுத்து வாங்க வேண்டாத கறி அது. மீனும் இறைச்சியும் கிட்டாத வீட்டிற்கு அதுவே விருந்து.

அப்பெட்டியில் வந்து சேரும் காளானைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. இது எந்தக் காளான் என்பது முதலாவது. அது தான் வளர்ந்த மண்ணிலிருந்து எவற்றை எடுத்து வந்திருக்கிறது என்பது இரண்டாவது. முதல் வினாவை நம் பாட்டிமார் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். இரண்டாவது வினாவைக் கேட்க இரசாயன அறிவு வளர வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து நோக்கவே இப்பேச்சு.

காளானுக்குப் பண்டைத் தமிழில் ஆம்பி என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய புலவர் வறுமைப்பட்ட இல்லமொன்றின் அடுக்களையைக் காட்டும்போது, பழஞ்சுவரைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதியிலே காளான் பூத்திருந்ததைச் சொல்கிறார். கறையானையும் காளானையும் ஓரிடத்திற் சேர்த்துக் கண்ட அந்தக் கண் கூரிய கண்ணென்றே எண்ணுகிறேன். புலவர் சுட்டியது எந்த இனத்தை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஆனால் கறையானுக்கும் காளானுக்கும் உள்ள உறவு நம் வறண்ட நிலத்துக் காளான்களின் கதையில் முதன்மையானது. அதனைப் பின்னர் விரித்துச் சொல்வேன்.

காளான் செடியன்று. பச்சையம் இல்லாததால் வெயிலைக் கொண்டு உணவு சமைக்க அதனால் இயலாது. நாம் பறிக்கும் குடையும் காம்பும், மாமரத்தில் மாங்காயைப் போல, ஒரு பெரிய உயிரின் காய் மாத்திரமே. அவ்வுயிர் மண்ணுக்குள்ளும், மக்கிய மரத்துக்குள்ளும், வைக்கோற் போருக்குள்ளும் நூலினும் மெல்லிய இழைகளாகப் பரந்து கிடக்கிறது. பூசண இழை என்று அதனைச் சொல்வோம். ஒரு கைப்பிடி மண்ணில் உள்ள இழைகளை ஒட்டி நீட்டினால் அதன் நீளம் நம்மை மலைக்க வைக்கும். செடியின் வேர் எட்டாத நுண்துளைகளில் எல்லாம் அவ்விழை நுழைகிறது, அமிலத்தைக் கசியவிட்டு மண்துகளைக் கரைக்கிறது, கரைந்ததை உறிஞ்சுகிறது. உலோகம் காளானுக்குள் புகும் வாயிலும் இதுவே.

உயிலங்குளம் போன்ற ஊர்களில் மக்கள் விரும்பி எடுப்பது புற்றுக்காளான். முனையிற் கூம்பிய குடை, வெண்மையான தடித்த காம்பு, காம்பின் கீழே மண்ணுள் ஆழமாக இறங்கும் வேர் போன்ற நீட்சி ஆகியன அதன் அடையாளம். அந்நீட்சியைப் பொறுமையோடு தோண்டிச் சென்றால் அது கறையான் புற்றின் அறையொன்றில் முடியும். அங்கே தேன்கூட்டைப் போலத் துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற கட்டியொன்று இருக்கும். கறையான்கள் உலர்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு கட்டிய தோட்டம் அது. அத்தோட்டத்திற் பூசணத்தை வளர்த்து, அது மென்மையாக்கிய பொருளையே அவை உண்கின்றன. உழவுத் தொழிலை மனிதன் தொடங்குவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கறையான் தொடங்கிவிட்டது.

இதனை அறிவுலகம் அறிந்த வரலாற்றில் நம் பகுதிக்கு நல்ல இடம் உண்டு. தரங்கம்பாடியில் மருத்துவராயிருந்த யோகான் கேர்காட் கோனிக்கு என்பவர் இலின்னேயசின் மாணவர். அவர் 1779ஆம் ஆண்டில் வெள்ளெறும்பு என அழைக்கப்பட்ட கறையானைப் பற்றி எழுதிய கட்டுரையில், புற்றுக்குள் இருக்கும் பூசணத் தோட்டத்தை விவரித்தார். பின்னர் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த கார்டினர் இலங்கையிற் சேகரித்து அனுப்பிய காளான்களை ஆராய்ந்த பாதிரியார் பேர்க்கிலி, 1847இல் புற்றுக்காளான் ஒன்றுக்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். பேர்க்கிலியும் புரூமும் துவெயிற்சு அனுப்பிய சேகரிப்புகளைக் கொண்டு 1870களில் இலங்கைக் காளான்களின் பெரும் பட்டியலை வெளியிட்டனர். 1905இல் பேராதனைக்கு வந்த தோமசு பெச்சு அடுத்த ஆண்டே கறையான் புற்றுக் காளான்களைப் பற்றி விரிவான ஆய்வொன்றை எழுதினார். அவரும் பிசுபியும் தொகுத்த இலங்கைப் பூசணங்களின் நூல், பெச்சு மறைந்து இரண்டாண்டுகளின் பின் 1950இல் வெளிவந்தது. புற்றுக்காளான்களுக்குத் தேர்மிற்றோமைசிசு என்ற தனிச் சாதிப்பெயரை 1942இல் இட்டவர் பிரெஞ்சு அறிஞர் உரோசே ஏயிம். அவர் பெயரையே ஓர் இனத்துக்குச் சூட்டி 1979இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராசன். 1986இல் பெக்லர் என்பார் இலங்கையின் குடைக்காளான்களைப் பற்றி முழுநூலொன்றை இயற்றினார்.

இப்பெயர்களை நான் அடுக்கியதற்குக் காரணம் உண்டு. பழைய சேகரிப்புகளிற் பெரும்பகுதி பேராதனையையும் மலைநாட்டையும் சார்ந்தது. அறிஞர்கள் எங்கே வீடு கட்டி வாழ்ந்தார்களோ அங்கேதான் காளான்களும் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன! மன்னாரின் களிமண் வயலிலும் மணற்றிட்டியிலும் முளைப்பவற்றை இனங்கண்டு பதிவு செய்யும் பணிக்கு அந்தப் பிரதேசத்து மாணவரே பொருத்தமானவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகமும் அவர்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

புற்றுக்காளானுக்கு அடுத்தது வைக்கோற் காளான். அறுவடைக்குப் பின் நனைந்து மக்கும் வைக்கோற் போரில் இது தானாகவே எழும். 1943இல் கோயம்புத்தூரில் தாமசும் அவருடைய துணைவர்களும் இதனைப் பயிரிட்டுக் காட்டிய பின்னர் தென்னாட்டில் இது வளர்ப்புக் காளானாகவும் ஆயிற்று. இளமையில் முட்டை போன்ற உறைக்குள் மூடுண்டிருக்கும்; உறை கிழிந்து குடை விரிந்ததும் அடியிற் கிண்ணம் போல எஞ்சி நிற்கும். இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது. உலகிலே மிகுதியான உயிர்களைக் குடித்த அமனிற்றாச் சாதிக் காளான்களுக்கும் அதே போன்ற கிண்ணம் உண்டு. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆசிய மக்கள் சிலர், தம் ஊர் வைக்கோற் காளானென்று எண்ணிச் சாவுக்காளானைச் சமைத்துண்டு மாண்டிருக்கின்றனர். தாய்நாட்டில் உயிரளித்த அறிவு வேற்று நிலத்தில் உயிரைப் பறித்தது. அந்த நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. உண்டவருக்கு ஆறு மணி நேரத்தின் பின்னரே, சிலவேளை ஒரு நாள் கழிந்த பின்னரே, வாந்தியும் கழிச்சலும் தொடங்கும்; அதற்குள் ஈரல் பழுதுபடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, மழைக்குப் பின் புற்றரைகளிலும் பாடசாலை மைதானங்களிலும் வட்டமாக முளைக்கும் பெருங்குடைக் காளான். வெண்குடையின்மேல் கபில நிறச் செதில்கள் படிந்து, காம்பில் அசையும் வளையத்தோடு, பார்ப்பதற்கு மிக அழகாயிருக்கும். வெப்ப நாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இதுவே. இதன் விஞ்ஞானப் பெயர் குளோரோபில்லம் மொலிப்தைற்றிசு. இப்பெயரின் பிற்பாதி ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதழ்களின் சாம்பற்பச்சை நிறத்தைக் கண்டு இட்ட பெயர் அது. காளானுக்குள் ஈயம் இருப்பதாகக் கொள்ளற்க. இதை உண்டவர் பெரும்பாலும் இறப்பதில்லை. எனினும் சில மணி நேரத்துக்குள் வரும் வாந்தியும் கழிச்சலும் குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும்.

இவற்றைப் பிரித்தறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. குடையைக் காம்பிலிருந்து வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் இதழ்ப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு கோப்பையாற் கவிழ்த்து மூடி, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையிற் காளானின் வித்திகள் மாவுபோல் உதிர்ந்து தாளிற் கோலமிட்டிருக்கும். புற்றுக்காளானும் வைக்கோற் காளானும் இளஞ்சிவப்புக் கோலம் இடும். அமனிற்றா வெண்கோலம் இடும். மேலே சொன்ன பெருங்குடை பச்சைக் கோலம் இடும்; ஆனால் இதழ் பச்சையாகத் தோன்றாத இளம்பருவத்தில் வித்தி முதிர்ந்திராது, ஆதலால் அப்போது இச்சோதனையை நம்பலாகாது. அகாரிக்கசு என்னும் புல்வெளிக் காளான் கடுங்கபிலக் கோலம் இடும். ஆயினும் நிறம் மட்டும் போதாது. இளஞ்சிவப்பு வித்தியுடைய நச்சுக்காளான்களும் உள்ளன. அவற்றுக்குப் புற்றுக்குள் இறங்கும் வேரும் இராது, அடிக்கிண்ணமும் இராது. எனவே அடிப்பாகத்தை மண்ணோடு தோண்டி எடுக்காமல் காம்பை ஒடித்துக்கொண்டு வருபவர், மிக முக்கியமான சான்றை நிலத்தில் விட்டுவிட்டே வருகிறார்.

நம்மிடையே வழங்கும் வேறு சோதனைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பார்கள். பூண்டோ அரிசியோ நிறம் மாறினால் நஞ்சு என்பார்கள். புழு அரித்த காளான் மனிதருக்கும் ஆகும் என்பார்கள். இவற்றுள் ஒன்றையும் நம்பற்க. சாவுக்காளானின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. அதைத் தின்னும் புழுவுக்கு அது தீங்கு செய்வதுமில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம்.

எல்லா உயிருக்கும் சில உலோகங்கள் வேண்டும். செம்பும் நாகமும் இரும்பும் இல்லாமற் காளானும் வாழாது, நாமும் வாழோம். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், மாசுபடாத நிலத்துக் காட்டுக் காளான்களில், உலர்நிறை கிலோகிராம் ஒன்றுக்கு, செம்பு 20 முதல் 100 மில்லிகிராம் வரையும், நாகம் 25 முதல் 200 மில்லிகிராம் வரையும் பொதுவாகக் காணப்படுகின்றன. இவை உணவுக்கு நன்மையே. ஆனால் இழை கசியவிடும் அமிலம் நல்லதை மட்டும் கரைப்பதில்லை. கடமியம், இரசம், ஈயம், ஆசனிக்கு ஆகியனவும் கரைந்து உட்புகுகின்றன. காளானோ கந்தகம் கொண்ட சிறு புரதங்களால் அவற்றைக் கட்டிப்போட்டுத் தனக்குத் தீங்கு நேராமற் பாதுகாத்துக் கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு காளானுக்குத்தான். அதை உண்பவருக்கு அன்று.

வியப்புக்குரிய செய்தி என்னவெனில், ஒரே மண்ணில் அருகருகே முளைத்த இரு காளான்கள் வெவ்வேறு உலோகத்தைத் திரட்டுகின்றன. செந்நிறக் குடையும் வெண்புள்ளிகளும் கொண்டு மேல்நாட்டுச் சிறுவர் கதைப் படங்களில் வரும் அமனிற்றா இனம், வனேடியம் என்னும் உலோகத்தை மற்றக் காளான்களினும் பன்மடங்கு சேர்த்து வைக்கிறது. 1931இல் தெர் மேலன் இதனைக் கண்டார். அவ்வுலோகத்தைக் கட்டிவைக்கும் சேர்வையை பாயரும் கினைபலும் 1972இல் பிரித்தெடுத்தனர். அமனிற்றாவின் இன்னோர் உறவினம் வெள்ளியைத் திரட்டுகிறது. சார்க்கோசுபேரா என்னும் கிண்ணக் காளான், கிலோகிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேலும் ஆசனிக்கைத் திரட்டியதுண்டு. குடையைக் கீறினால் மஞ்சளாக மாறும் அகாரிக்கசு இனங்கள் கடமியத்தில் பெரும் பேராசை கொண்டவை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பின்னர், ஐரோப்பியக் காடுகளின் கபிலக் குடைக்காளான் ஒன்றில் கதிர்வீசும் சீசியம் ஆண்டுக்கணக்காக எஞ்சியிருந்தது. குடையின் நிறப்பொருளே சீசியத்தைப் பற்றிக்கொள்வதாகப் பின்னர் அறிந்தனர். ஆகவே உலோகத்தை அளப்பதற்கு முன் இனத்தைச் சரியாக அறிதல் வேண்டும். இனம் தெரியாத காளானில் அளந்த எண், பெயரில்லாத கடிதம் போன்றது. எவரிடமும் கொண்டு சேர்க்க முடியாது.

இடமும் முக்கியமானது. செக்கு நாட்டில் பவல் கலாச்சும் அவருடைய துணைவர்களும் ஈயம் உருக்கும் ஆலையொன்றின் அயலில் முளைத்த காளான்களை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவுகள், ஆலைக்கு அண்மையில் உலோகச் செறிவு வெகுவாக ஏறியிருந்ததைக் காட்டின. உயிலங்குளத்தில் ஆலை இல்லை, சுரங்கமும் இல்லை. அப்படியானால் நாம் அஞ்ச வேண்டியது யாது?

மன்னாரின் நிலத்தைச் சற்று நோக்குவோம். தீவு மணற்பாங்கானது. முருங்கன் பகுதியோ கோடையில் வெடித்து மாரியில் வீங்கும் கரிய களிமண்ணைக் கொண்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அங்கிருந்து களிமண் சென்ற காலம் உண்டு. களி உலோகத்தை இறுகப் பற்றும். மணல் எளிதில் விட்டுவிடும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் கடமியம் அடங்கிக் கிடக்கும். ஆசனிக்கோ அதே காரத்தில் இளகி நீரோடு நடமாடும். மன்னார்த் தீவின் ஆழங்குறைந்த நிலத்தடி நீரைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லிட்டருக்கு 10 மைக்கிரோகிராம் என்ற எல்லையைத் தாண்டிய ஆசனிக்கைச் சில இடங்களிற் கண்டது. தொழிற்சாலையொன்றும் கொட்டியதன்று அது. மண்ணின் இயற்கையிலேயே அமைந்தது. தீவில் மணலில் முளைக்கும் காளானையும், பெருநிலத்தில் களிமண்ணில் முளைக்கும் அதே இனக் காளானையும் ஒப்பிட்டு ஆராய்வது இதனாற் பயனுடைத்து.

வயல்வெளிக்கு வருவோமாயின் பசளையைக் கருத வேண்டும். பொசுபேற்றுப் பாறையிலிருந்து செய்யும் பசளையில் கடமியம் சிறிதளவு கலந்திருப்பது உலகெங்கும் அறிந்த செய்தி. பாறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். போகந்தோறும் இடும் பசளையோடு அதுவும் சிறிது சிறிதாக மண்ணிற் சேர்கிறது. உயிலங்குளத்துப் பெருவீதி சென்று சேரும் மதவாச்சியிலும் அதனைச் சூழ்ந்த வடமத்திய மாகாணத்திலும், 1990களிலிருந்து காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோயொன்று உழவர்களை வாட்டி வருகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்று கடமியத்தையும் அதன் காரணிகளுள் ஒன்றாகச் சுட்டியது. பின்வந்த ஆய்வுகள் குடிநீரின் புளோரைட்டு, வன்மை, வெப்பம், நீரிழப்பு என வேறு காரணிகளையும் முன்வைத்தன. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் கடமியம் உடலிற் சேருமிடம் சிறுநீரகமே என்பதிலும், சேர்ந்தால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் அங்கே தங்கும் என்பதிலும் ஐயமில்லை. யப்பானில் கடமியம் கலந்த ஆற்றுநீர் பாய்ந்த வயலரிசியை உண்டு எலும்பு முறிந்து துன்புற்ற மக்களின் நோயை அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. அங்கும் முதலில் துன்பப்பட்டவர் உழவர் குடும்பத்துப் பெண்களே.

வீதியோரத்தையும் விட்டுவிடலாகாது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் ஆவியாகிப் போவதன்று. முன்னர் படிந்தது மேல்மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். போர்க்காலத்தில் உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி இருந்ததை அப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். மன்னார்ப் பெருநிலத்தில் 2007ஆம், 2008ஆம் ஆண்டுகளில் கடும் சமர் நடந்தது. துப்பாக்கிக் குண்டின் உள்ளீடு ஈயம். வெற்றுத் தோட்டா செம்பும் நாகமும் கலந்த பித்தளை. பழைய மண்ணரண்களும் பதுங்குகுழிகளும் இருந்த இடங்களில் மழைக்குப் பின் செழித்து முளைக்கும் காளானை எடுக்காதிருத்தலே தகும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கே உலோகம் காளானுக்குள் வரும்வரை காத்திராது.

இவ்வளவும் கேட்டபின், காளானே வேண்டாம் என்று சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். உடல் எடையில் கிலோகிராமுக்கு மாதம் ஒன்றுக்கு 25 மைக்கிரோகிராம் கடமியம் வரை தாங்கலாம் என்று, உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010இல் வரையறுத்தது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது மாதம் ஒன்றரை மில்லிகிராம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஒருவர் 300 கிராம் பச்சைக் காளானை உண்டால் உலர்பொருள் 30 கிராமே. அக்காளானில் உலர்நிறை கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் கடமியம் இருப்பின், அவர் உட்கொள்வது 0.15 மில்லிகிராம்; மாத எல்லையிற் பத்திலொன்று. பருவத்தில் இரண்டு மூன்று முறை உண்பவருக்கு இதனாற் கவலையில்லை. மஞ்சளாக மாறும் அகாரிக்கசு இனத்தைப் போல 50 மில்லிகிராம் கொண்டதாயின், அந்த ஒரு வேளைக் கறியே மாதம் முழுவதற்குமான எல்லையை நிரப்பிவிடும். சோற்றிலும் கீரையிலும் வருவது அதற்கு மேலதிகம். 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தையின் எல்லை இதிற் கால்பங்கு என்பதையும் தாய்மார் நினைவிற் கொள்க.

உலோகத்தின் மொத்த அளவோடு அதன் வடிவத்தையும் பார்க்க வேண்டும். அகாரிக்கசுக் காளான்களில் உள்ள ஆசனிக்கிற் பெரும்பகுதி, கடல் மீனிலும் இறாலிலும் உள்ளதைப் போன்ற, தீங்கற்ற சேதனச் சேர்வையாக இருப்பதுண்டு. கிணற்று நீரில் உள்ள ஆசனிக்கோ கொடிய வடிவினது. ஆகையால் காளானில் ஆசனிக்கு என்ற தலைப்பைப் பத்திரிகையிற் கண்டதும் நடுங்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம்.

புற்றுக்காளானில் இவ்வாய்வு தனிச்சுவை உடையது. கறையான் ஆழத்திலிருந்து ஈரக்களியை மேலே கொணர்ந்து புற்றெழுப்புகிறது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் புற்றைக் கண்டு நிலத்தடி நீரை உய்த்துணரும் முறையை எழுதி வைத்தார். இக்காலத்து நிலவியலார் ஆபிரிக்காவிற் புற்றுமண்ணைச் சோதித்துப் பொன் தேடுகின்றனர். ஆனால் காளான் வளரும் தோட்டமோ உக்கிய இலைதழைகளால் ஆனது. காளானில் உள்ள உலோகம் புற்றுமண்ணிலிருந்து வந்ததா, இலைதழையிலிருந்து வந்ததா? இதற்கு விடை காண விரும்பும் மாணவர் காளானை மாத்திரம் எடுத்தாற் போதாது. பூசணத் தோட்டத்தில் ஒரு துண்டு, புற்றுமண் ஒரு பிடி, பத்தடி தள்ளிய வெற்று மண் ஒரு பிடி, சுற்றியுள்ள உலர்ந்த சருகு சிறிது என நான்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். காளானின் உலர்நிறைச் செறிவை மண்ணின் உலர்நிறைச் செறிவால் வகுத்தால் வரும் எண் ஒன்றுக்கு மேற்பட்டால், காளான் அவ்வுலோகத்தைத் திரட்டுகிறது என்று பொருள். ஒன்றுக்குக் குறைந்தால் விலக்குகிறது.

சேகரிக்கும்போது இரும்புக் கத்தியைத் தவிர்த்து பிளாத்திக்குக் கத்தியையோ மூங்கிற் சீவலையோ பயன்படுத்துக. ஈயப் பூச்சுள்ள பாத்திரத்தில் இடற்க. காளானைப் படம் பிடித்து, வித்திக்கோலம் எடுத்து, மணத்தையும் கீறினால் மாறும் நிறத்தையும் அன்றே எழுதிக்கொள்க. உலர்ந்த பின் இவை போய்விடும். ஒரே இடத்தில் எடுத்த ஒரே இனக் காளான்கள் சிலவற்றைச் சேர்த்தே ஒரு மாதிரியாகக் கொள்க; தனிக் காளானின் அளவு ஏறியும் இறங்கியும் இருக்கும். குடையையும் காம்பையும் வேறாக்குக. உலோகம் பொதுவாகக் குடையிலும் இதழிலுமே அதிகம். மண்ணைத் துப்புரவாக நீக்குக. ஒட்டிய களிமண் சிறிதே ஆயினும் இரும்பின் அளவையும் ஈயத்தின் அளவையும் பொய்யாக உயர்த்திவிடும். இரசத்தை அளக்க வேண்டுமாயின் கடுஞ்சூட்டில் உலர்த்தலாகாது; அது ஆவியாகிப் போய்விடும்.

ஆய்வுகூடத்தில், உலர்ந்த பொடியை நைத்திரிக்கமிலத்திற் கரைத்துத் தெளிந்த திரவமாக்குவர். அத்திரவத்தைச் சுவாலையிற் சீறவிட்டு, அதனூடே குறித்த உலோகத்துக்குரிய ஒளியைச் செலுத்தினால், அந்த உலோகத்தின் அணுக்கள் தமக்குரிய ஒளியை விழுங்கும். விழுங்கிய அளவைக் கொண்டு செறிவைக் கணிப்பர். 1955இல் அவுத்திரேலியாவில் அலன் உவால்சு வகுத்த முறை இது. இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. இரசத்துக்குச் சுவாலை வேண்டாம். குளிர்ந்த ஆவியாகவே அளக்கும் முறை 1968 முதல் உண்டு. இனத்தை உறுதிப்படுத்த, வித்தியை நுணுக்குக்காட்டியில் அளப்பதோடு, மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்து ஒப்பிடும் வழக்கமும் வந்துவிட்டது. காளான்களுக்கு எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பதை அறிஞர்கள் 2012இல் பொதுவாக வகுத்துக்கொண்டனர்.

அறிவியல் பேச வந்தவர் அடுக்களைக்குள் ஏன் நுழைகிறார் என்று எண்ணாதீர்கள். உலோகம் கடைசியிற் சேருமிடம் அடுக்களை வழியாகத்தானே செல்கிறது. சமைப்பதால் உலோகம் அழியாது. காளானை அரிந்து கொதிநீரிலிட்டு அந்நீரை வடித்து ஊற்றினால் ஒரு பகுதி குறையும். சுவையும் சத்தும் உடன் குறையும். பெருவீதி ஓரத்தையும், பசளையும் களைநாசினியும் அடித்த வயல் வரம்பையும், குப்பை எரித்த இடத்தையும் தவிர்த்து, காட்டோரப் புற்றிற் பறித்த காளானைத் தேர்வது அதனினும் நன்று. அறியாத இனத்தை எந்தச் சமையலும் நல்லதாக்காது. உண்டபின் எவருக்கேனும் நோய் தோன்றினால், சமைக்காது எஞ்சிய காளானையும், அதுவும் இல்லையேல் வெட்டி எறிந்த காம்படியையும் தாளிற் சுற்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பிளாத்திக்குப் பையில் இட்டால் அழுகிவிடும்.

ஆய்வுக்கென்று எடுத்தவற்றிலும் ஒரு பகுதியை உலர்த்திப் பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலைக்கு அனுப்பிவைப்பது வழக்கம். கூடவே செல்லும் துண்டில் இடம், நாள், மண்ணின் வகை, அருகில் நின்ற மரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். எழுதுவதற்குப் பென்சிலே சிறந்தது. உயிலங்குளத்து ஐப்பசி மழையில் மை கரைந்துவிடும்.